மேற்கு வெயிலுக்கு ஒரு புங்கன்: வீட்டின் கரியமில வாயுவைக் குறைக்கும் வழிமுறை

வீட்டில் மரம் நட வேண்டும், கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று பலருக்கு இருக்கிறது. ஆனால் எந்த மரத்தை எந்தத் திசையில் நட்டால் அந்த எண்ணம் நிறைவேறும் என்பதைப் பற்றிய தெளிவு குறைவாகவே உள்ளது. இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் தனி வீட்டிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்குத் தெரிந்த பிறகே மண்வெட்டியை எடுப்பது நல்லது.

இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை 400 யூனிட் மின்சாரம் செலவாகும் வீடு ஆண்டுக்கு 2,400 யூனிட் பயன்படுத்துகிறது. இந்திய மின்கட்டமைப்பில் நிலக்கரியின் பங்கு பெரிது என்பதால் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, மின்சாரக் கணக்கில் மட்டும் ஏறத்தாழ 1,680 கிலோ. 14.2 கிலோ எடையுள்ள ஒரு கேஸ் சிலிண்டர் எரிந்து தீரும்போது சுமார் 42 கிலோ வெளியாகிறது. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றால் ஏறத்தாழ 340 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோவைத் தருகிறது. மாதம் 15 லிட்டர் போடும் குடும்பத்திற்கு அது ஆண்டுக்கு 400 கிலோவைச் சற்றுத் தாண்டும். மூன்றையும் கூட்டினால் 2,400 கிலோவுக்கு மேல் வருகிறது. உங்கள் வீட்டின் மின் கட்டண அட்டை, சிலிண்டர் பதிவு, பெட்ரோல் செலவு ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு இதே பெருக்கலைச் செய்தால் பத்து நிமிடத்தில் உங்கள் எண் கிடைத்துவிடும்.

இனி மரத்தின் பக்கம். காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு கிலோ கார்பனைச் சேர்த்துக்கொள்ள மரம் 3.67 கிலோ கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுத்தாக வேண்டும். எனவே தண்டு, கிளை, வேர் என எல்லாவற்றிலுமாக ஆண்டுக்குப் பதினொரு கிலோ உலர் எடை கூடும் நன்கு வளர்ந்த மரம், ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவைத் தன்னுள் பூட்டி வைக்கிறது. நட்ட முதல் சில ஆண்டுகளில் இந்த அளவு மிகச் சிறியது. மேலே சொன்ன குடும்பத்தின் 2,400 கிலோவை மரங்களைக் கொண்டே ஈடுகட்ட வேண்டுமென்றால் நன்கு வளர்ந்த 120 மரங்கள் தேவைப்படும். அரை கிரவுண்டு மனையில் வாழும் குடும்பத்திற்கு இது நடக்காத காரியம்.

இதைப் படித்து யாரும் சோர்வடைய வேண்டியதில்லை, ஏனெனில் வீட்டு மரத்தின் பெரிய பயன் அதன் நிழலில்தான் இருக்கிறது. பிற்பகல் வெயிலை ஒரு மரம் மேற்குச் சுவரில் படாமல் தடுத்து, அதனால் கோடையின் நான்கு மாதங்களில் படுக்கையறையின் ஏசி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் குறைவாக ஓடினால், ஒன்றரை டன் ஏசிக்கு மணிக்கு 1.2 யூனிட் என்ற கணக்கில் 140 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகிறது. அதாவது சுமார் 100 கிலோ கரியமில வாயு. அதே மரம் தன் உடலில் சேர்க்கும் 20 கிலோவோடு ஒப்பிட்டால் இது ஐந்து மடங்கு. அதனால் மரத்தைச் சுவருக்கும் சன்னலுக்கும் குடையாகும் இடத்தில் நடுவதே முதல் விதி. இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக எங்கோ ஒரு மூலையில் நடுவது மரத்தின் பயனில் பெரும்பகுதியை இழப்பதாகும்.

எந்தத் திசையில் நடுவது

குளிர்நாட்டு வழிகாட்டிகள் வீட்டின் தெற்குப் பக்கத்தில் இலையுதிர் மரங்களை நடச் சொல்கின்றன. அது அந்த நாடுகளுக்குச் சரி, நமக்குப் பொருந்தாது. தமிழ்நாடு வடக்கே எட்டு டிகிரியிலிருந்து பதின்மூன்றரை டிகிரி அட்சரேகை வரை அமைந்திருப்பதால், கோடையில் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில், அக்னி நட்சத்திர நாட்கள் உட்பட, அது சற்று வடக்கே சாய்ந்தே செல்லும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் ஏப்ரல் 10ஐ ஒட்டித் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை நீளும். ஆகவே கொளுத்தும் மாதங்களில் தெற்குச் சுவர் ஏறத்தாழத் தானாகவே நிழலில் இருக்கிறது. வெயிலைத் தாங்குபவை மொட்டை மாடியும் மேற்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான்.

இவற்றில் மேற்குச் சுவருக்கே முதலிடம் தர வேண்டும். காலை முழுவதும் சூடேறிய காற்றும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தாழ்ந்து வரும் வெயிலும் சேர்ந்து அந்தச் சுவரைத் தாக்குகின்றன. செங்கல் அந்த வெப்பத்தை உள்வாங்கி, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. மேற்கில் படுக்கையறை இருக்கும் வீடுகளில் இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுவது இதனால்தான். இரண்டாவது இடம் கிழக்குக்கு. மேற்கே இடமே இல்லாத மனையில் கிழக்குச் சன்னல்களுக்கு முன்னால் நடுவதும் நல்ல பலன் தரும்.

காற்று வரும் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடல் காற்று வருகிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ள கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளிலும் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்திலும் ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று வீசுகிறது. காற்று வரும் பக்கத்தில் அடிக்கிளைகளைக் கழித்து, சன்னல் உயரத்திற்கு மேலே தழை பரவும்படி மரத்தை வளர்த்தால் நிழலும் கிடைக்கும், காற்றும் கீழே புகுந்து வரும். அடர்ந்த புதர்களைச் சன்னலை ஒட்டி வளர்ப்பது இரண்டையும் கெடுக்கும்.

எந்த மரம்

என் முதல் பரிந்துரை புங்கன். நடுத்தர உயரம், குடை போன்ற அடர்ந்த தழை, வறட்சியையும் ஓரளவு உப்பு நீரையும் தாங்கும் இயல்பு, கால்நடைகள் அதிகம் கடிக்காத இலை என வீட்டோரத்திற்கு வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன. அது கோடையின் தொடக்கத்தில் பழைய இலையை உதிர்த்தாலும் வெகு விரைவில் பளபளக்கும் பச்சைத் துளிர்களால் மூடிக்கொள்கிறது. நமக்கு நிழல் மிகத் தேவைப்படும் சித்திரை, வைகாசி மாதங்களில் அது முழுக் குடையாக நிற்கும். வேரில் தங்கும் நுண்ணுயிர்கள் வழியே மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் குணமும் அதற்கு உண்டு.

கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான மனைகளுக்குப் பூவரசும் புன்னையும் உகந்தவை. நீர் தேங்கும் தாழ்வான இடங்களில் நாவலும் நீர்மருதும் தாக்குப் பிடிக்கும். வேம்பு அங்கே வேர் அழுகி நலியும். விருதுநகர், ராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் வேம்பையும் இலுப்பையையும் நம்பலாம், அவற்றிற்கு இடம் இருந்தால். மகிழம் மெதுவாகத்தான் வளரும்; ஆனால் ஆண்டு முழுவதும் இலை நிற்கும் அடர்ந்த மரம் அது, பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் நடலாம். ஐந்தடி இடைவெளி மட்டுமே உள்ள மனைகளில் பெருமரங்களை எண்ணிப் பார்க்க வேண்டாம். கறிவேப்பிலை, மாதுளை, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றைக் கவாத்து செய்து வளர்த்தாலே கீழ்த்தளத்துச் சன்னல்களுக்குப் போதும். முருங்கை ஓராண்டிலேயே வளர்ந்து நிழலும் கீரையும் தரும் என்றாலும், அதன் கிளை பலமான காற்றில் எளிதில் முறியும் என்பதை மறக்காமல் ஆண்டுதோறும் வெட்டிவிட வேண்டும்.

வேம்பைப் பற்றி ஒரு சொல். கடந்த சில ஆண்டுகளாக மார்கழி, தை மாதங்களில் தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியின் தாக்குதலால் வேப்ப மரங்களின் துளிர்கள் கருகி, மரம் முழுவதும் தீய்ந்தது போல் தெரிகிறது. மரம் செத்துவிட்டது என்று கருதிப் பலர் வெட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான மரங்கள் பங்குனி வாக்கில் மறுபடியும் துளிர்த்துவிடுகின்றன. அதுவரை தயவுசெய்து காத்திருங்கள். இருபது ஆண்டு நின்ற ஒரு மரத்தைக் காப்பாற்றுவது இருபது கன்றுகளை நடுவதைவிட மேலானது.

விரைவாக வளர்கிறது என்பதற்காகக் கோனோகார்பஸ் நட வேண்டாம். குஜராத் அரசு 2023ஆம் ஆண்டில் அதை நடுவதற்குத் தடை விதித்தது. பின்னர் தமிழ்நாடும் அதே முடிவை எடுத்தது. சாக்கடைக் குழாய்களுக்குள் புகும் வேரும், ஒவ்வாமை ஏற்படுத்தும் மகரந்தமும் அதன் மீதான முக்கியப் புகார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாய்ந்த மரங்களில் குல்மொஹர், தூங்குமூஞ்சி போன்ற அயல் மரங்கள் ஏராளம். எளிதில் முறியும் கிளையும் ஆழமில்லாத வேரும் ஒரு காரணம். சிமெண்ட் பூசிய நடைபாதைக்குள் அடிமரம் நெருக்கப்பட்டு வேர் பரவ வழியில்லாமல் நின்றது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணம் நம் வீட்டு வாசலிலும் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவருக்கும் மரத்திற்கும் இடையே, மாதுளை, எலுமிச்சை போன்ற சிறு மரங்களுக்கு ஐந்து அல்லது ஆறு அடியும், புங்கன், பூவரசு, மகிழம் போன்றவற்றிற்குப் பத்து முதல் பன்னிரண்டு அடியும், வேம்பு, நாவல், இலுப்பைக்கு இருபது அடிக்கு மேலும் இடைவெளி விடுங்கள். செப்டிக் டேங்க், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்தும் இதே விலகல் வேண்டும். மேலே மின்கம்பி போகும் இடத்தில் பதினைந்து அடிக்கு மேல் வளரும் எதையும் வைக்கக் கூடாது. வைத்தால் ஆண்டுதோறும் மின்வாரியத்தார் நடு உச்சியை வெட்டுவார்கள், மரம் கோணலாகி வலுவிழக்கும். ஆல், அரசு, அத்தி ஆகியவை கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும் உரியவை. வீட்டு மனைக்கு ஆகாதவை.

நடும் முறை

கன்றை வனத்துறை நாற்றங்காலிலோ நம்பகமான தனியார் நாற்றங்காலிலோ வாங்கலாம். உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எட்டடி உயரமுள்ள கன்று சிறிய பையில் நெடுநாள் இருந்திருந்தால் அதன் வேர் பைக்குள்ளேயே சுருண்டு வளையமாகியிருக்கும். அப்படிப்பட்ட மரம் பத்தாண்டு கழித்து ஒரு புயலில் வேரோடு சாயும். இரண்டு முதல் நான்கு அடி உயரமும், பென்சிலைவிடத் தடித்த தண்டும், பையின் அடியில் அளவுக்கு மீறி வெளியே வராத வேரும் உள்ள கன்றே சிறந்தது.

வடகிழக்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை நடுவதற்கு ஏற்ற காலம். கன்னியாகுமரி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஆனி மாதம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து ஆற விடுங்கள். இறுகிய செம்மண்ணிலும் கட்டடக் கழிவு கொட்டிய மனையிலும் மூன்றடி தேவைப்படும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள், அதுவே உயிருள்ள மண். சிமெண்டுக் கட்டி, ஜல்லி, பிளாஸ்டிக் இருந்தால் அகற்றுங்கள். பிறகு மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரத்தையும், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் கலந்து குழியை முக்கால்வாசி நிரப்புங்கள். மக்காத சாணத்தைப் போட்டால் சூடேறி வேரைக் கருக்கும், கரையானையும் வரவழைக்கும்.

நடும் நாளில், மாலை நேரத்தில், கன்றின் பையைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்து முழுவதுமாக அகற்றிவிட வேண்டும். பையோடு புதைக்கப்பட்ட கன்றுகள் இன்றும் ஏராளம். மரம் நடும் விழாக்களில் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. சுருண்ட வேர் நுனிகள் இருந்தால் கூரான கத்தரியால் வெட்டி நேராக்குங்கள். பையில் மண் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரம் தரைமட்டத்திற்கு வரும்படி கன்றை நிறுத்தி, மண்ணிட்டு, காலால் மெல்ல மிதித்துக் காற்றிடைவெளியைப் போக்குங்கள். தண்டின் அடிக்கழுத்து மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும். ஓரடி தள்ளி ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, குச்சியையும் தண்டையும் சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் தண்டு சற்றே ஆடினால்தான் அது தடிக்கும். கம்பியால் கட்டக் கூடாது.

நட்ட பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. முதல் ஆண்டில் மழையில்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை, முறைக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் தண்ணீர் போதும்; தினமும் ஒரு செம்பு ஊற்றுவது வேரை மேற்பரப்பிலேயே பழக்கப்படுத்திவிடும். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிப் புதைத்து, நிரப்பி மூடி வைத்தால் ஈரம் ஆழத்தில் நின்று கசியும். வெளியூர் போகும் குடும்பங்களுக்கு இது நல்ல வழி. கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்தில் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சோகை எதையாவது நான்கு விரற்கடை கனத்திற்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள். மூடாக்கு உள்ள இடத்தில் பங்குனி வெயிலிலும் மண் ஈரமாக இருப்பதைக் கையால் கிளறிப் பார்த்தே உணரலாம். ஆடு மாடு திரியும் தெருவில் கூண்டு இல்லாமல் நடுவது வீண். இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்ட கன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

முற்றத்திற்கும் வாசலுக்கும் சிமெண்ட் தளம் போடும் வழக்கத்தை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தயாரிக்கும்போது சுமார் 30 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பத்து மூட்டையில் வாசலைப் பூசினால் ஒரு மரத்தின் பதினைந்து ஆண்டு உழைப்பு போய்விடுகிறது. அதோடு மழைநீரும் மண்ணுக்குள் இறங்காது, தளம் பகலெல்லாம் சூடேறி மாலையில் வெப்பத்தைச் சன்னலுக்குள் அனுப்பும். நடக்கும் பாதைக்கு மட்டும் கல் பாவி, மீதியை மண்ணாக விடுங்கள். ஏற்கெனவே தளம் இருந்தால் மரத்தைச் சுற்றி நான்கடிச் சதுரமாவது உடைத்துத் திறந்துவிடுங்கள்.

மொட்டை மாடி

நம் அட்சரேகையில் வீட்டுக்குள் வரும் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியே வருகிறது. மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும், கூரையை ஒரே வாரத்தில் சரிசெய்யலாம். பழைய காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, மேலே தட்டோடு பதித்த மாடிகள் வெயிலை நன்கு தாங்கின. இன்றைய கான்கிரீட் தளத்திற்கு மிக மலிவான தீர்வு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. மாசி மாதத்தில் மாடியைப் பெருக்கிக் கழுவி, விரிசல்களை அடைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் நீற்றி, வடிகட்டி, சிறிது பசை கலந்து, மறுநாள் இரண்டு பூச்சு பூசுங்கள். நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும் என்பதால் இரும்புப் பாத்திரத்தையே பயன்படுத்த வேண்டும், குழந்தைகளை அருகில் விடக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் இது கரைந்துபோகும், ஆண்டுதோறும் பூச வேண்டும். செலவு செய்ய முடிந்தவர்கள் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டோ வெள்ளை ஓடோ பயன்படுத்தலாம். அவை சில ஆண்டுகள் தாங்கும். மழைநீர்ச் சேமிப்புத் தொட்டி உள்ளவர்கள் பூச்சுக்குப் பிந்தைய முதல் மழை நீரை வெளியே விட்டுவிடுங்கள்.

மாடித் தோட்டமும் கூரையைக் குளிர்விக்கும். ஆனால் எடையைக் கணக்கிடாமல் மண்ணைப் பரப்பிவிடக் கூடாது. ஆட்கள் நடமாடும் சாதாரண மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் எடையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. ஓரடி கனத்திற்கு நனைந்த மண் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொட்டுவிடும். எனவே தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த இலகுவான பைகளை, அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, உத்தரங்களும் சுவர்களும் உள்ள ஓரங்களில் வரிசையாக வையுங்கள். மாடியின் மேற்குப் பக்கத்தில் பந்தல் போட்டு அவரை, பாகல், கோவை, பீர்க்கன் படர விட்டால் எடை குறைவு, நிழல் நிறைவு.

நிழலுக்குப் பிறகு மின்சாரம்

வீடு குளிர்ந்த பிறகு கருவிகளைப் பார்க்கலாம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை மோட்டார் பொருத்திய விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரே ஒரு விசிறியை மாற்றினாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 246 யூனிட், அதாவது சுமார் 170 கிலோ கரியமில வாயு குறைகிறது. எட்டுக்கும் மேற்பட்ட மரங்களின் ஓராண்டு வேலைக்கு இது சமம். ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். 26இல் வைத்து விசிறியையும் சுழல விட்டால் தூக்கத்திற்குக் குறைவிருக்காது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு.

ஏசிக்குள் இருக்கும் வாயுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று பரவலாக உள்ள ஆர்-32 வாயு ஒரு கிலோ கசிந்தால், அது 675 கிலோ கரியமில வாயு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. பழைய ஆர்-22, ஆர்-410ஏ வாயுக்கள் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் கேஸ் நிரப்புவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நன்றாக இருக்கும் ஏசியில் வாயு தீர்வதில்லை. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுபவர், வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டுகிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். ஒரு கிலோ வாயுவைக் காப்பது முப்பது மரங்களின் ஓராண்டு உழைப்பைக் காப்பதாகும்.

சூரிய மின்தகடு போட வசதியுள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய நடவடிக்கை வேறில்லை. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் அமைத்தால் ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும், முதலில் கணக்கிட்ட குடும்பத்தின் மின்தேவையை விட அது அதிகம். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. தகடுகளைத் தெற்கு நோக்கிப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் வைப்பார்கள். இங்கே மரத்துக்கும் தகட்டுக்கும் மோதல் வரக்கூடும், ஏனெனில் வரிசையில் ஒரு தகட்டின் மூலையில் நிழல் விழுந்தாலே முழு வரிசையின் உற்பத்தியும் குறையலாம். மேற்கில் நடும் மரம் மாடிக் கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலே நிற்கும் அளவு உயரமே போதுமானது. வேம்பு, நாவல் போன்ற நெடுமரங்களுக்கு வடக்குப் பக்கத்தை ஒதுக்குங்கள்.

சமையலில் ஒரு நுட்பம் உண்டு. இண்டக்ஷன் அடுப்பு சுத்தமானது என்று மாறுகிறவர்கள், அதற்கு வரும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்ஷனில் செய்ய ஏறத்தாழ 130 யூனிட் தேவை. அது இன்றைய கட்டமைப்பில் 90 கிலோ கரியமில வாயு, சிலிண்டரின் 42 கிலோவைவிட இரண்டு மடங்கு. மாடியில் சூரிய மின்தகடு உள்ள வீடு பகலில் இண்டக்ஷனில் சமைப்பது மிக நல்லது. மற்றவர்கள் இப்போதைக்குக் கேஸிலேயே அரிசி பருப்பை ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்துச் சமைப்பதே சரி.

காய்கறிக் கழிவைக் குப்பை வண்டியில் போட்டால் அது பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பை மேடுகளில் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனாகிறது. அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டியிலோ டிரம்மிலோ ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை என்று மாற்றி மாற்றிப் போட்டு, சிறிது புளித்த மோர் தெளித்து, வாரம் ஒரு முறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும். துர்நாற்றம் வந்தால் காய்ந்த இலை போதவில்லை என்று பொருள். சருகைக் கொளுத்துவதை அறவே நிறுத்துங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

மேற்குப் பால்கனியில் தரையிலிருந்து கூரை வரை நைலான் வலை கட்டி, இரண்டு பெரிய தொட்டிகளில் சங்குப்பூவையோ முல்லையையோ ரங்கூன் மல்லியையோ படர விட்டால் ஓராண்டில் பச்சைத் திரை உருவாகிவிடும். அதுவரை மூங்கில் தட்டியைக் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் தொங்க விடுங்கள்; உள்ளே போடும் திரைச்சீலை, வெப்பம் கண்ணாடியைத் தாண்டி நுழைந்த பிறகே அதைத் தடுக்கிறது. மதுரை, திருச்சி, வேலூர் போன்ற வறண்ட வெயில் ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவது அறையை நன்கு குளிர்விக்கும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அது அவ்வளவு வேலை செய்யாது.

பொது இடத்தில் மரம் நட, குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள். கட்டடத்தின் மேற்கு எல்லைச் சுவரை ஒட்டிப் பத்தடிக்கு ஒரு புங்கன் என்று வரிசை வைத்தால் கீழ் இரண்டு மாடிகளும் வாகன நிறுத்துமிடமும் நிழல் பெறும். கன்று வாங்க எல்லாரும் முன்வருவார்கள், தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இருக்காது. ஆகவே நடுவதற்கு முன்பே, மாசி முதல் ஆனி வரை எந்தக் கன்றுக்கு எந்த வீட்டார் பொறுப்பு, வாரத்தின் எந்த இரு நாட்கள், குழாய் எங்கே, அவர்கள் ஊரில் இல்லாதபோது யார் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அந்தப் பட்டியலை இரண்டாவது கோடை முடியும் வரை அங்கேயே விட்டு வையுங்கள்.